உண்மை என்றே எடுத்துக்கொண்டாலும்

கண் ஆபரேஷனுக்கென்று அப்பாவைச் சேலத்துக்கு அழைத்துப்போன அண்ணன், நாகலூர்க் காப்பித் தோட்டத்தைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினார். ஏதோ பென்ஷன் காகிதம் என்று நம்பி அப்பா கைரேகை வைத்திருக்கிறார். பட்டா பெயர் மாறியபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தலைச்சோலையில் என் வீட்டுக்கு வந்து அழுதார்.

“நான் இருக்கற வரைக்கும் கேக்காத சாமி. ஊட்டுல சண்டை வேண்டாம்.”

கேட்கவில்லை. அண்ணன் வீட்டில் அவருக்கு வேளைக்குச் சோறு கிடைக்கட்டும் என்று ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் இறந்து காரியம் முடிந்த பிறகே வக்கீலிடம் போனேன். பத்திரம் செல்லாது, எனக்குப் பாதி வேண்டும் என்பது வழக்கு. பத்திரத்தைப் பற்றி எப்போது தெரியும் என்று வக்கீல் கேட்டார். சொன்னேன். பேனாவை நிறுத்தி, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அப்பா அழுத நாளை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. கோர்ட்டில் கொடுத்த பிராதில் அது அப்படியே ஏறியது.

அண்ணன் பத்திரத்தைப் பற்றி ஒரு வரிகூடப் பதில் சொல்லவில்லை. தெரிந்ததிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும், காலம் கடந்தது பிராதிலேயே இருக்கிறது, விசாரிக்காமலே நிராகரியுங்கள் என்று ஒரு மனு மட்டும் போட்டார். கைரேகை வைத்தபோது உடனிருந்த எஸ்டேட் ரைட்டர் எனக்காகச் சாட்சி சொல்ல இரண்டு முறை பஸ் ஏறி வந்தார். அவரை யாரும் கூப்பிடவே இல்லை. இந்த மனுவுக்குப் பிராதை மட்டும்தான் படிப்பார்களாம்.

வாதி சொல்வதெல்லாம் உண்மை என்றே எடுத்துக்கொண்டாலும் வழக்கு நிற்காது என்று உத்தரவு வந்தது. அப்பீலிலும் அதேதான்.

“அப்பா போனப்புறந்தான் தெரிஞ்சுதுன்னு சொல்லியிருந்தா, விசாரணைக்காச்சும் போயிருக்குமுங்க,” என்றார் வக்கீல். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணனும் இருந்தார். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏன் கண்ணு, அப்பவே கேட்டிருக்கலாமில்ல?”

குரலில் கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஊர் வந்து சேர்ந்தேன்.

அதன்பின் அவர் வீட்டு விசேஷம் எதற்கும் நான் போனதில்லை. இந்த வருடம் தோட்டத்தில் காய்ப்பு நன்றாக இருக்கிறதாம். பழம் பறிக்க வாழவந்தியிலிருந்து ஆள் வைத்திருக்கிறார்கள்.