நாலு மணிக்கு ஜன்னல் சாத்துகிறவர்

எங்கள் ஊர் வெக்கையைத் திட்ட எனக்கு முழு உரிமை இருக்கிறது. நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தெஹியோவிட்டவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணச் சீரில் அம்மா எனக்குக் கொடுத்தனுப்பியது இரண்டு கம்பளி. நல்ல தடித்த, முரட்டுக் கம்பளி. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தொழிலாளர் வரிசை வீடான லயமே கூடிவிட்டது. "இத வச்சு இங்க என்னா செய்யப் போறீங்க, போத்திக்கிட்டு ரொட்டி மாதிரி வேகப் போறீங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். புதுப்பெண் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் மூடியதில்லை.

மேலே மலைத்தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஊர் வெக்கையைச் சொல்லிப் புரியவைப்பது லேசில்லை. "எங்களுக்கும் வெயில் அடிக்குதே" என்பார்கள். அடிக்கும், யார் இல்லையென்றது? ஆனால் அங்கே மரநிழலில் ஒதுங்கினால் உடம்பு சில்லென்று ஆகிவிடும். இங்கே நிழலுக்குப் போனாலும் புழுக்கம் கூடவே வரும். கடல் பக்கமிருந்து ஈரக்காற்று ஊர்ந்து வந்து எங்கள் முதுகுப்பக்க மலையில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். மேலேயும் ஏறாது, திரும்பியும் போகாது. கொடியில் போட்ட துணி காயாது, துணி போட்ட ஆளும் காய மாட்டாள். இதில் ரப்பர் மரம் செய்கிற துரோகம் தனி. மாசி மாதம் வந்தால் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். எப்போது நிழல் வேண்டுமோ அப்போது நிழல் இருக்காது. லயத்துக் கூரையோ தகரம். மத்தியானத்தில் கூரைக்குக் கீழே நின்றால் உச்சந்தலை கொதிக்கும்.

இப்படிப்பட்ட ஊருக்கு, இப்படிப்பட்ட மாசியில்தான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அம்மா போன பிறகு அப்பா மேலே தனியாகத்தான் இருந்தார். அண்ணன் கொழும்பில் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எட்டிப் பார்ப்பதோடு சரி. மார்கழியில் அப்பா காய்ச்சலில் விழுந்து கிடந்ததை லயத்தில் சுவரை ஒட்டிய அடுத்த காம்பராக்காரர் மறுநாள்தான் பார்த்திருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி அவருக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும்? எப்படியாவது அவரை என்னோடு தங்கவைத்துவிட வேண்டும், எனக்கு அது ஒன்றுதான். நானே போய்ச் சண்டை போட்டுக் கையோடு இழுத்து வந்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஸ்வெட்டர், காதை மூடிய குல்லாய், கழுத்தில் மஃப்ளர். கடைவீதியில் தம்பிலி இளநீர் விற்கிறவன் வியாபாரத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, அந்தக் குல்லாயக் கழட்டுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"இருக்கட்டும்மா. சாயங்காலம் குளுரும்."

"இங்க சாயங்காலமும் குளுராது, விடிகாலையிலயும் குளுராது. கழட்டுங்க."

"நீ வந்ததுலருந்து வெரட்டிக்கிட்டே இருக்க," என்றார். கழற்றவில்லை. லயத்துக்கு ஏறுகிற மேட்டில் பாதியிலேயே தானாகக் கழற்றினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவருக்காக நாங்கள் வெயிலோடு போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. என் வீட்டுக்காரர் கூரைமேல் ஏறித் தென்னோலையை அடுக்கினார். சாக்கை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டோம். மத்தியானம் சீமெந்துத் தரையில் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டோம். ஃபேன் போட்டால் மட்டும் அப்பாவுக்கு ஆகாது. "தலையில காத்து அடிச்சா சளி புடிச்சிரும்," என்று துண்டால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "மாமா, ஒண்ணு ஃபேன நிப்பாட்டுங்க, இல்ல துண்ட அவுருங்க," என்று மருமகன் கெஞ்சுவார். இரண்டும் நடக்காது.

விடிகிற நேரம் மட்டும் அவருக்குப் பிடித்தது. நான் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கூடவே வருவார். எங்கள் வேலையே வெயிலுக்கு முந்திக்கொள்கிற வேலைதான். மரம் குளிர்ச்சியாக இருக்கும்போது பட்டையைச் சீவினால் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் சொட்டு நின்றுவிடும். அவர் கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே, "ஒங்க ஊரு மரமும் ஒன்ன மாதிரிதான். வெயில் வந்தா வேல செய்யாது," என்பார். "ஒங்க கொழுந்து மலை மாதிரி இங்க அட்டையாவது கடிக்காம இருக்கே," என்று நானும் விடமாட்டேன். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால், தங்கிவிடுவார் போலத்தான் இருந்தது.

சித்திரை நெருங்கியது. மத்தியானம் வரை காய்ந்துவிட்டு, சாயங்காலம் மலைப்பக்கம் கருகருவென்று இருட்டும். இடி இடிக்கும், மின்னல் கண்ணைப் பறிக்கும். சில நாள் கொட்டும், சில நாள் வெறும் சத்தத்தோடு போய்விடும். மழை விழுவதற்கு முன்னால் வருகிற அந்தப் புழுக்கம்தான் இருப்பதிலேயே கொடுமை. காற்று அப்படியே செத்துப்போய்விடும். இந்த ஊர்க்காரர்கள் இருட்டிக்கொண்டு வந்தால் இருக்கிற கதவையெல்லாம் திறந்துவைத்துவிட்டு வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

மேலே அப்படியில்லை. அங்கே இருட்டினால் மூடுபனி இறங்குகிறது என்று அர்த்தம். நாலு மணி ஆனால் லயம் முழுக்க ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். அடுப்பை மூட்டி, அதைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். எனக்கும் இங்கே வந்த புதிதில் கை தானாக ஜன்னலுக்குப் போகும். அப்பாவுக்கு ஆயுசு முழுக்க அந்தப் பழக்கம்தான்.

அன்றைக்கு வீட்டுக்காரர் அவிசாவளைக்குப் போயிருந்தார். தோட்டத்தில் ஏதோ கூட்டம் என்று என்னையும் பிடித்துவைத்துவிட்டார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் அப்பா எழுந்து எல்லா ஜன்னலையும் சாத்தியிருக்கிறார். கதவைச் சாத்தி, குளிர் உள்ளே வராமலிருக்கக் கீழ் இடுக்கில் சாக்கைத் திணித்திருக்கிறார். அது போதாதென்று விறகடுப்பை மூட்டித் தண்ணீர் கொதிக்கவைத்திருக்கிறார். தகரக் கூரை, மூடிய வீடு, எரிகிற அடுப்பு. மழை ஒரு துளி விழவில்லை.

நான் வரும்போது எங்கள் வாசலில் கூட்டம். அப்பா இஸ்தோப்பில் படுத்துக் கிடந்தார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அவர் தலையில் செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கதவை உடைக்காத குறையாகத் தள்ளித் திறந்தது அந்த அக்காதான்.

"அனே நங்கி, ஐயோ தங்கச்சி! ஜன்னல் எல்லாம் சாத்தி வச்சிட்டு, உள்ளுக்கு அடுப்பும் எரியுது! ரொட்டி சுடுற போரணை மாதிரி ரஸ்னெ, ஒரே சூடு! நான் ஜன்னல் சந்து வழியா பொக வாறத பாத்துத்தான் ஓடி வந்தது," என்றார் மூச்சிரைக்க.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். அப்பா கண்ணைத் திறந்தார், தண்ணீர் குடித்தார். அவருக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வந்தது பாருங்கள் ஒரு கோபம்!

"யாராவது இந்த வெக்கையில ஜன்னல சாத்துவாங்களாப்பா? அடுப்பு வேற! ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா? நான் வந்து பாக்குறப்ப நீங்க..."

அப்பா ஈரத் தலையோடு என்னைப் பார்த்தார். "இருட்டிக்கிட்டு வந்துச்சேம்மா. நீ நனஞ்சு வருவ, வந்தா குளுருமேன்னு தேத்தண்ணி வச்சேன்."

நான் அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சிங்கள அக்கா என் தலையிலும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன்.

ஆனால் அப்பா அன்றைக்கே முடிவெடுத்துவிட்டார். வருஷப் பிறப்பு முடியட்டும் என்று இருந்தார், முடிந்த கையோடு கிளம்பினார். "நான் இங்க இருந்தா நீ நிம்மதியா வேலைக்குப் போக மாட்ட. என் ஒடம்புக்கு இந்த ஊரு ஒத்துவராதும்மா. விட்டுரு," என்றார். நான் கத்தினேன், கெஞ்சினேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. பஸ் போன பிறகு கடைவீதியில் நின்று வெயிலைப் பார்த்து, "பாவி, நல்லா இருப்பியா நீ?" என்று வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் நின்ற பெண் பயந்து தள்ளிப் போனாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு போன்தான். அப்பாவுக்கும் எனக்கும் வேறெதையும் பேச வராது. அதனால் தினமும் வானத்தைப் பற்றிப் பேசினோம். தென்மேற்கு மழை தொடங்கியதும் அது இன்னும் வசதியாகப் போயிற்று. கடலிலிருந்து வருகிற மேகம் முதலில் எங்களை நனைத்துவிட்டு, கித்துள்கலை தாண்டி, கினிகத்தேனை மேட்டில் ஏறி, அப்புறம்தான் அவரிடம் போகும்.

"அப்பா, இங்க கொட்டுது. ஒங்களுக்கு அனுப்பி வச்சிருக்கேன், துணிய எடுத்துருங்க."

"வந்து சேந்துருச்சும்மா. கூடவே காத்தும் அனுப்பியிருக்க போலருக்கு."

இங்கே ரப்பர் மரங்கள் துளிர்த்து இலை நிறைந்துவிட்டன. மழை நாளில் பால் வெட்டு கிடையாது. வீட்டுக்குள் குளுகுளுவென்று, போர்த்திக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தது. ஐயோ, இந்த நேரத்தில் அவர் இங்கே இருந்திருக்கலாமே என்று ஆத்திரமாக வரும். அங்கேயோ பனியும் சாரலும். முதலில் அப்பா, "இங்க ஏசி போட்ட மாதிரி இருக்கு, நீதான் அங்க கெடந்து வேகுற," என்று பெருமை பேசினார். போகப் போக அந்தப் பேச்சு குறைந்தது. அப்புறம் நான் கேட்டால்தான் பதில் வந்தது.

ஒரு சாயங்காலம் அவரே போன் எடுத்தார்.

"அங்க எப்புடிம்மா இருக்கு?"

நல்லா இருக்கு என்று பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. "மழ விட்டுருச்சுப்பா. மறுபடியும் புழுக்கம் ஆரம்பிச்சுருச்சு. சட்ட முதுகுல ஒட்டுது."

பேசிக்கொண்டே ஜன்னலை இன்னும் அகலத் திறந்தேன்.

"இங்க ரொம்ப குளுருதும்மா," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாங்கப்பா இது, பொறந்ததுலருந்து அந்தக் குளுருலதானே இருக்கீங்க?"

"ஆமா. ஆனா ஒங்கம்மா இருக்கறப்ப இவ்வளவு குளுரு இருந்ததே இல்லம்மா."

என் சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"அப்பா, நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸப் புடிச்சு வந்துருங்க. இங்க வேர்க்கும்ப்பா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா வந்துருங்க."

"வேர்த்தா வேர்க்கட்டும்மா," என்றார் அப்பா. "பையெல்லாம் நேத்தே கட்டிட்டேன். நீ கூப்புடுவியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."