எல்லைக்கல்லில் மறித்தவர்

பழைய சீமையின் எல்லைக்கல்லைக் கடந்து போகும் ஓட்டப்பந்தயம் ஒன்றை முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர்க்காரர்கள் நடத்தினார்கள். ஆபீஸ் நண்பர்களிடம் சவால் விட்டு நானும் ஓடினேன். கல்லருகே முண்டாசு, ஒட்டுமீசை, மர ஈட்டியோடு அந்தக் காலத்துக் காவல்காரர் வேடத்தில் ஒருவர் நின்றார். ஓடி வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு வழிவிட்டவர், எனக்கு மட்டும் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்.

"அங்கன நிழல்ல உக்காருங்க."

"பந்தயத்துல இருக்கேங்க."

"மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. எல்லையத் தாண்ட விடமாட்டேன்."

வேடிக்கை பார்த்தவர்கள் நாடகமென்று கைதட்டினார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் தலை சுற்ற, மரத்தில் சாய்ந்துகொண்டேன். அவர் முண்டாசை அவிழ்த்து தண்ணீரில் நனைத்து என் பிடரியில் போட்டார். மூச்சு மெல்லச் சீரானது.

"நீங்களா நிக்க மாட்டீக. அதான் மறிச்சேன்," என்றார்.

பாதி வழியிலிருந்தே, யாராவது நிறுத்த மாட்டார்களா என்று ஏங்கியபடிதான் ஓடிக்கொண்டிருந்தேன். அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ.