அஞ்செட்டி மலையில் ஓர் ஆவு

இன்றைக்கு ஒரு வேனின் கூரைமேல் நான் ஏற வேண்டுமென்றால் ஏணி வேண்டும், பின்னாலிருந்து தள்ள இரண்டு பேர் வேண்டும். ஒன்பது வயதில் இவை எதுவும் இல்லாமல் ஏறியிருக்கிறேன். எப்படி ஏறினேன் என்பது எனக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியாது.

அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நாங்கள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு இங்கே ஒட்டவே இல்லை. இடது பக்கத்து வீட்டில் தெலுங்கு, வலது பக்கத்து வீட்டில் கன்னடம். நடுவில் அம்மா வாயைத் திறக்காமல் துணி காயப்போடுவாள். முழுப்பரீட்சை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு ஊரோடு போய்விடுவதாக அப்பாவிடம் சொல்லியும்விட்டாள். அப்பா இங்கே, நாங்கள் அங்கே. அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அப்பா கடைசி முயற்சியாக ஒரு காரியம் செய்தார். அந்த இரண்டு வீட்டு மாமாக்களும் அவரோடு ஒரே ஷிப்ட். மூன்று குடும்பமும் வேன் பிடித்து, சனி ஞாயிறு அஞ்செட்டி மலைப்பக்கம் போய்வர ஏற்பாடாயிற்று. அம்மா வந்தாள். சனிக்கிழமை முழுக்க ஜன்னலோடு மட்டும் உறவு வைத்திருந்தாள்.

ஞாயிறு மதியம் ஓடைக்கரையில் வேனை நிறுத்திப் புளிசாதத்தைப் பிரித்தார்கள். தெலுங்கு மாமா தன் நான்கு வயது மகளை என் கையில் பிடித்துக் கொடுத்து, பத்திரம் என்றார். பொறுப்பு வந்ததும் எனக்கு நடையே மாறிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் முன்னால் புதர் அசைந்தது. குழந்தை விரலை நீட்டி, "ஆவு!" என்றாள்.

இங்கே என் மொழிப்புலமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கன்னட வீட்டுப் பையனோடு கிரிக்கெட் ஆடி எனக்குப் பத்து கன்னட வார்த்தைகள் தெரியும். எட்டை வீட்டில் சொல்ல முடியாது. மீதி இரண்டில் ஒன்று ஹாவு; அவன் வாயில் அது ஆவு. பாம்பு.

கையை விட்டேன். "ஆவு! ஆவு!" என்று அலறிக்கொண்டு ஓடினேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது வேனின் கூரைதான்.

மேலேயிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கன்னடக் குடும்பம் மொத்தமும் பாறைமேல் ஏறி நின்றது. தெலுங்கு அத்தை ஒரு பழத்தோலை எடுத்துக்கொண்டு, "எங்க, எங்க?" என்று ஆசையாகப் புதரை நோக்கி நடந்தாள். அப்பா இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இலையோடு நின்றார்.

அம்மாவுக்கு ஆவும் தெரியாது, ஒன்றும் தெரியாது. நான் தனியாக ஓடிவந்தது மட்டும் தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் அத்தையை முந்திக்கொண்டு முள்ளுக்குள் ஓடினாள். குழந்தையை இடுப்பில் அள்ளிக்கொண்டு திரும்பினாள். பின்னாலேயே, கழுத்து மணி ஆட, ஒரு செவலைப் பசு நிதானமாக வந்தது. மாட்டைத் தொட விடவில்லை என்று குழந்தை அழுதது.

"அக்கா, அது மாடுக்கா! எங்களுக்கு ஆவுன்னா மாடு!" என்றாள் தெலுங்கு அத்தை.

"எங்களுக்குப் பாம்புங்க!" என்று பாறைமேலிருந்து குரல் வந்தது.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஓசூர் வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏல, பாம்பாவே இருக்கட்டும். பிள்ளைய விட்டுட்டா ஓடியாருவ?"

இறங்கத்தான் தெரியவில்லை. டிரைவர் வந்து இறக்கினார்.

திரும்பும் வழியில் அம்மா இரண்டு அத்தைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். தெலுங்கு அத்தை அவள் காலைத் தன் மடியில் வைத்து முள் எடுத்தாள். பூனைக்கு என்ன, எருமைக்கு என்ன என்று அம்மா கேட்கக் கேட்க, இரண்டு பக்கமிருந்தும் பதில் வந்தது. எல்லாம் என்னைக் கேலி செய்யத்தான் என்று காதைப் பொத்திக்கொண்டேன். தேன்கனிக்கோட்டை தாண்டும்போது கையை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது.

"அடுத்த வருசம் இவன எந்த ஸ்கூல்ல சேக்கலாம்? இங்க எது நல்லாருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள் அம்மா.

பயந்து ஓடியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? என்னைப் பள்ளிக்கூடம் மாற்றப்போகிறார்கள்! ஓசூர் வரும்வரை தேம்பித் தேம்பி அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. முன் சீட்டில் அப்பா டிரைவருக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டே, தாளம் தப்பாமல் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். பெற்ற மகன் இப்படி அழும்போது ஒரு மனிதர் எதற்காக இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.