சீசனுக்கு ஒரு நாய்

மே மாதம் பிறந்தால் குன்னூருக்கு ஏறி வரும் பங்களாக்காரர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதிலும் ஒரு மாதம் தங்கிவிட்டுப் போகிறவர்கள் நாய் வாங்குவார்கள் பாருங்கள், அப்போது கடையைச் சாத்திவிட்டு எங்கேயாவது போய்விடலாமா என்றிருக்கும்.

தாயம்மாள் என் மளிகைக் கடைக்கு வருகிறவள். முழங்கால் தேயும்வரை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். அப்புறம் கோயமுத்தூர்க்காரர் பாலசுப்பிரமணியத்தின் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. பங்களாவின் பின்பக்கத்தில் கொடுத்த ஓர் அறைதான் அவளுக்கு வீடு.

ஒரு சீசனில் அவர் டைகர் என்று ஒரு நாயைக் கொண்டுவந்தார். சீசன் முடிந்ததும் அவரும் மனைவி சுலோச்சனாவும் காரில் போய்விட்டார்கள், டைகர் தாயம்மாள் தலையில் விழுந்தது. அதைத் தன் அறைக்குள்ளேயே படுக்கவைத்தாள். பனிக்காலத்தில் தனியாக வந்த மனுஷர், அறையெல்லாம் நாய் நாற்றம் என்று கத்தினார். காவலுக்குத்தானே நாய், வாசலில் சங்கிலி போட்டுக் கட்டு என்றார். இந்த மலையில் சிறுத்தை நாயைத் தேடி வீட்டு வாசலுக்கே வரும். அவிழ்த்துவிட்ட நாயாவது ஓடிப் பிழைக்கும், கட்டிய நாய் என்ன செய்யும்? தாயம்மாள் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் அறையைக் காலி பண்ணு என்றார். கட்டினாள்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காலையில் சங்கிலியும் கழுத்துப்பட்டையும்தான் கிடந்தன. போனில் சொல்லி அழுதவளிடம், "சுலோச்சனா கேட்டா தேவர்சோலை எஸ்டேட்டுக்குக் குடுத்தாச்சுன்னு சொல்லு" என்று வைத்துவிட்டார், படுபாவி.

அடுத்த மே மாதம் கையில் ஒரு குட்டியோடு வந்து இறங்கினார்கள். நான் அரிசி மூட்டை கொண்டுபோயிருந்தேன்.

"இது வேண்டாமுங்க" என்றாள் தாயம்மாள். "எனக்கு முட்டி மடங்கறதில்லீங்க. இதைய மேட்டுல நடத்தறதுக்கும் ஆகாது, ஊசி போடத் தூக்கிட்டுப் போறதுக்கும் ஆகாது. ஊட்டுக்குள்ளயும் படுக்க உடமாட்டீங்க. காவலுக்குன்னா வாசல்ல பெரிய லைட்டு போடுங்க, கேட்டுக்கு நல்ல பூட்டாப் போடுங்க. அம்மாவுக்கு ஆசைன்னா கோயமுத்தூருலயே கூட வெச்சு வளத்துங்க. இல்லீன்னா இங்க இருக்கற வரைக்கும் எஸ்டேட் மேனேஜர் ஊட்டு நாயைக் கேட்டு வாங்கி நடந்துட்டு வாங்க."

"எனக்கே புத்தி சொல்றியா?" என்றார் அவர்.

சுலோச்சனா குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "டைகரை நல்லாத்தானே பாத்துக்கிட்டே தாயம்மா? தேவர்சோலையில சவுக்கியமா இருக்குதாமா, இவரு சொன்னாரு."

தாயம்மாள் அவரைப் பார்த்தாள். போய் டீ போடு என்றார். உள்ளே போனவள் டீ கொண்டுவரவில்லை. சங்கிலியையும் கழுத்துப்பட்டையையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பட்டையில் பல் பதிந்த இடம் அப்படியே இருந்தது.

"தேவர்சோலைக்குப் போகலீங்க. இந்த வாசல்லயேதான் போச்சு. கட்டச் சொன்னது அய்யா, கட்டுனது நானு."

சுலோச்சனா பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இன்னைக்கே அறையைக் காலி பண்ணு" என்றார் அவர். குரல் நடுங்கியது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

தாயம்மாள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துச் சங்கிலிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சரிங்க. ஆள் கிடைக்கற வரைக்கும் ராத்திரிக்கு வாசல்ல நீங்களே காவலுக்குப் படுத்துக்குங்க. சங்கிலி இருக்குது."