ராணி இல்லாத பெட்டி

தேன்பெட்டி வைக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் என் கணவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். நாடு விடுதலை பெற்று இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன, சீனி ரேஷனில்தான் கிடைத்தது. அப்போதும் கருப்பட்டிக் காப்பி தொண்டையில் இறங்காது என்று பிடிவாதமாக வெள்ளைச் சீனி போட்டுக் குடிக்கிறவர். அவர் சம்பளத்தில் வீடு ஏதோ ஓடியது. எனக்கு என் கையால் ஒரு தொழில் செய்ய வேண்டும். பேச்சிப்பாறைக்குக் கீழே எங்கள் ஊரில், மாசி பங்குனியில் ரப்பர் மரம் தளிர்த்து இலைக்காம்பில் தேன் சுரக்கும்போது தேனீக்களின் இரைச்சல் வாசல்வரை கேட்கும். அத்தனை தேனும் யாருக்கோ போகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

இரணியலில் கடன் கொடுக்கிற ஓர் ஆபீசுக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர், "ஈடு வைக்க நிலம் உண்டா?" என்றார். இல்லை. "மாடு?" அதுவும் இல்லை. "பின்ன என்னத்த நம்பித் தாறது?" என்று பேனாவை மூடிவிட்டார். வீடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இரண்டு மைல் தள்ளி எனக்கு ஒரு மைனி இருந்தாள். தூரத்து அண்ணன் ஒருவரின் மனைவி. அண்ணன் இறந்தபின் அவர் விட்டுப்போன ஆறு தேன்பெட்டிகளை வைத்துப் பிழைப்பவள். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. அவளிடம் பணம் கேட்கத்தான் போனேன்.

"பணத்துக்கு நான் எங்க போவேன் மக்கா? ஒரு பெட்டி ஈ தாறேன், கொண்டு போ. பாதி வாரம்."

ஆடு மாடுகளைப் பாதி வாரத்துக்கு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வளர்ப்பவர் தீனி போட வேண்டும். பெருகியதில் பாதி கொடுத்தவருக்கு. தமக்கு எது வேண்டும் என்று முதலில் எடுப்பதும் கொடுத்தவர்தான். ஆனால் ஆட்டைக் கயிற்றில் கட்டிப்போடலாம். ஈயை?

"ஏட்டி, பறந்து போற சாமான எவளாவது வாரத்துக்கு விடுவாளா?" என்றார் என் கணவர்.

மைனி விட்டாள். இருட்டி ஈக்கள் கூடு அடைந்தபின் பெட்டியின் வாசலைத் துணியால் அடைத்து, அதைத் தூக்கி என் தலையில் வைத்தாள். ஆயிரக்கணக்கான உயிர்கள் என் தலைக்கு மேல் முனகின. அந்த அதிர்வு பல்வரை இறங்கியது. கோயிலில்கூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை. இரண்டு மைலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

ஆனி ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. பூ இல்லை, பெட்டியைத் திறந்தால் தேனடை காய்ந்து கிடந்தது. பசித்தவர்களுக்கு வீட்டில் இருப்பதில் நல்லதைத்தானே கொடுப்போம்? நல்ல கருப்பட்டியாகப் பார்த்து உடைத்துக் கரைத்து வைத்தேன். நாலாம் நாள் பெட்டியின் முகப்பெல்லாம் கழிசல். ஈக்கள் பறக்க முடியாமல் தரையில் ஊர்ந்தன. மழையிலேயே மைனியிடம் ஓடினேன்.

"பாவி, ஈக்குக் கருப்பட்டி ஆகாது, வயித்தால போகும். வெள்ளச் சீனி குடு. இல்லன்னா சாவும், சாவாதது கூட்ட விட்டுப் போயிரும். எனக்க சீனி அஞ்சு பெட்டிக்கே தீந்தாச்சு."

பெட்டி காலியானால் அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. இன்னொரு பெட்டியை நம்பித் தரவும் யாருமில்லை. அழுதுகொண்டே கணவரிடம் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. அவர் எழுந்து போய்த் தன் சீனி டப்பாவை எடுத்து வந்தார். "தண்ணி எவ்வளவு சேக்கணும்?" என்றார்.

தேங்காய்ச் சிரட்டையில் சீனித்தண்ணீர் ஊற்றி, உட்கார நாலு வைக்கோல் துண்டு போட்டோம். பிழைத்த ஈக்கள் விளிம்பில் வரிசையாக அமர்ந்து உறிஞ்சின. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். மழை ஓயும்வரை அவர் கருப்பட்டிக் காப்பியைக் கஷாயம் போல முகம் சுளித்துக் குடித்தார். ஒரு நாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அந்த மனுஷனை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மார்கழியில் பெட்டி கொள்ளாமல் ஈ பெருகியது. மைனி காலிப்பெட்டியோடு வந்து அடைகளை இரண்டாகப் பிரித்தாள். பழைய பெட்டியில் ராணி இருந்தது. முட்டையிடுவது ராணி மட்டும்தான்; புதியதில் ராணி இல்லை. அடையின் ஓரத்தில் நிலக்கடலை போல ஒரு ராணிக்கூடு மட்டும் தொங்கியது. அதிலிருந்து ராணி பிறந்து, வெளியே பறந்து ஆண் ஈக்களோடு இணைந்து, பத்திரமாகத் திரும்ப வேண்டும். வழியில் ஒரு குருவி கொத்தினால் மிஞ்சுவது வெறும் பலகைதான்.

முதலில் எடுப்பது அவள் உரிமை. ராணி இருந்த பெட்டியைத் துடைத்து முன்னால் நகர்த்தினேன். அவள் மற்றதைத் தூக்கினாள்.

"மைனி, அதுல ராணி இல்ல!"

"தெரியாமலா எடுக்கேன்? எனக்கு வேற அஞ்சு கிடக்கு. உனக்கு இது ஒண்ணுதானே."

தலையில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். அவள் போன திசையைப் பார்த்து நின்ற இடத்திலேயே கும்பிட்டேன்.

அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மைல் நடந்துபோய், "ராணி வந்தாச்சா மைனி?" என்று கேட்பதே என் வேலையாகிவிட்டது. என் பெட்டியின் நினைப்பே இல்லை. இருபதாவது நாளோ என்னவோ, நான் கேட்பதற்கு முன்பே அவள் ஓர் அடையை உருவி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். ஒவ்வொரு அறையின் அடியிலும் ஒரு முட்டை நின்றிருந்தது.