ஸ்கேனரில் என் வீட்டுக்காரர்

போன சனிக்கிழமை ஓர் அரங்கேற்றத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆடவிருந்த பிள்ளைக்குக் கால் சுளுக்கி, கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டுவிட்டார்கள். சேலையை அயர்ன் பண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன் – போன் வருகிறது. இனி அந்த நாளை என்ன செய்வது?

பார்த்தால், இவர் கதவடியில் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கிறார்.

“எங்க போறீங்கள்?”

“ரேஸ்.”

“நானும் வாறன்.”

லேஸ் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

“வெயில் கூட. தொப்பி எடும்.”

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரை ஓரளவு தெரியும். பேசமாட்டார். கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்... தங்கமான மனிதர். ஆனால் கூப்பன் கடையில் பங்கீட்டுச் சீனி நிறுப்பதுபோல நிறுத்துத்தான் சொற்களை வெளியே விடுவார். காலையிலிருந்து அடுப்படியில் நின்று ஒடியல் கூழ் காய்ச்சி, “எப்படி இருக்கு?” என்று ஆசையாகக் கேட்டால், “நல்லம்.” மகள் படிப்புக்காகச் சிட்னிக்குப் போன அன்று நான் ஏர்போர்ட்டில் அழுது, புத்திமதி சொல்லி, மறுபடி அழுது... இவர் அவள் தலையைத் தடவி, “கவனம்” என்றார். அவ்வளவுதான்.

போன கோடையிலிருந்து சனிக்கிழமைகளில் ரேஸ், ரேஸ் என்று கிளம்பிப் போகிறார். நான் என்ன நினைத்திருந்தேன்? எங்கேயோ பெஞ்சில் உட்கார்ந்து, சிப்ஸ் தின்று, கார்கள் சுற்றுவதைப் பார்த்துவிட்டு வருகிறார் என்று. கேட்டால்தானே தெரியும் என்பீர்கள். இவரிடம் கேட்டாலும் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாது!

கிரெய்கிபர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். போய் இறங்கினால் நீள்வட்டமாக ஒரு மண் பாதை. சுற்றிலும் புல் மேடு. மேடெங்கும் மடக்குக் கதிரைகளும் ஐஸ் பெட்டிகளும் குடும்பங்களும். பாதையில் ஓடப்போவது ஸ்டாக் கார்கள். பார்வைக்குத் தெருவில் ஓடும் கார்தான். உள்ளே மட்டும் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, டிரைவரைச் சுற்றி இரும்புக் கூண்டு அடித்திருக்கிறார்கள். சத்தமோ... வயிற்றுக்குள் கேட்டது.

இவர் எனக்கு ஒரு கதிரையை விரித்துப் போட்டார்.

“இதில இரும். டெபி வருவா. எனக்கு வேலை இருக்கு.”

வேலையா? சிப்ஸ் தின்பதற்கு ஏன் இந்த அவசரம்?

டெபி வந்தார். இவர் வேலை செய்யும் பாக்கேஜிங் தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர். என்னைப் பார்த்ததும் ஏதோ காணாமல்போன சகோதரியைக் கண்டதுபோலக் கட்டிப்பிடித்தார். “ஸ்ரீயின் மிஸஸ்! கடைசியில் கூட்டிவந்துவிட்டானா!” ஸ்ரீகாந்தன் என்ற நல்ல நீளமான பெயரை ஆஸ்திரேலியா எப்போதோ ஸ்ரீ என்று வெட்டிவிட்டது.

டெபியின் மகள் கெல்லி அன்று கார் ஓட்டுகிறாள். நாற்பத்தேழாம் நம்பர், மஞ்சள் கார். வேலை நாட்களில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராம். வாயைத் திற, மூடு என்று மெதுவாகச் சொல்லும் பிள்ளை, சனிக்கிழமையானால் இந்தக் கூண்டுக்குள் ஏறிவிடுகிறாள்.

“என் புருசன் எங்கே போனார்?” என்று டெபியிடம் கேட்டேன்.

டெபி எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். இரண்டு கண்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே பலகை போட்டு, கம்பி வேலி அடித்திருந்தார்கள். அதில் வரிசையாகப் பச்சை ஜாக்கெட் போட்ட ஆட்கள். அவர்களுக்கு நடுவில், நான் வாங்கிக் கொடுத்த தொப்பியோடு, காதில் ஹெட்போனும் கையில் ரேடியோவுமாக... இவர்!

“அங்கே என்ன செய்கிறார்?”

“உனக்குத் தெரியாதா?” டெபிக்கு உண்மையாகவே ஆச்சரியம். “அவன்தான் கெல்லியின் ஸ்பாட்டர்.”

விளக்கினார். ஹெல்மெட், கூண்டு, தூசி... காருக்குள் இருப்பவருக்கு நேரே முன்னால் இருப்பதைத் தவிர எதுவும் தெரியாது. பக்கத்தில் யார், பின்னால் யார், அந்த வளைவுக்கு அப்பால் என்ன நடக்கிறது – மேலே நின்று பார்த்து ரேடியோவில் சொல்ல ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள். கெல்லிக்குக் கண் இவர்தான்.

சொல்லிவிட்டு என் மடியில் ஒரு கருவியை வைத்தார். பழைய கார்ட்லெஸ் போன் அளவில், ஆண்டெனாவோடு. அதுதான் ஸ்கேனர். எந்தக் காரின் நம்பரைத் தட்டுகிறோமோ, அந்த டிரைவரும் ஸ்பாட்டரும் பேசுவது ஹெட்போனில் வந்துவிடும். ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். இங்கே மேட்டில் இருந்த பாதிப் பேர் அதைத்தான் குடும்பத்தோடு செய்துகொண்டிருந்தார்கள்.

விடுவேனா? ஒவ்வொரு நம்பராகத் தட்டிப் பார்த்தேன். ஒரு காரில் அண்ணனும் தம்பியும் சண்டை. இன்னொன்றில் ஒரு ஸ்பாட்டர் மைக்கை அணைக்க மறந்து ஹாட் டாக் வாங்கிக்கொண்டிருந்தார், வெங்காயம் கூடுதலாக. பிறகு நாற்பத்தேழைத் தட்டினேன்.

ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேடியோவிலும் இவர் இப்படித்தானா! ஏதாவது சொல்லுங்கோ என்று சொல்வதற்காக ஸ்கேனரைத் திருப்பித் திருப்பிப் பொத்தானைத் தேடினேன். டெபி விழுந்து விழுந்து சிரித்தார். “பேசுகிற பொத்தான் அதில் கிடையாது. கேட்க மட்டும்தான்.”

கேட்க மட்டும் ஒரு கருவி! எனக்கெல்லாம் இதைத் தாலியோடு சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

ரேஸ் தொடங்கியது. கார்கள் கும்பலாக முதல் வளைவுக்குள் பாய்ந்தன. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“இன்சைட்... ஸ்டில் இன்சைட்... கிளியர்.”

உள்பக்கம் ஒரு கார், இன்னும் இருக்கிறது, போய்விட்டது. அவ்வளவே. பதற்றமில்லை, சத்தமில்லை. பிறகு மறுபடி மௌனம். மற்றச் சேனல்களில் எல்லாம் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்க, நாற்பத்தேழில் மட்டும் தேவைக்கு ஒரு சொல். அந்தச் சொல் வந்ததும் மஞ்சள் கார் அதன்படி நகர்ந்தது.

“முதலில் என் அண்ணன்தான் ஸ்பாட்டர்” என்றார் டெபி. “வாய் ஓயாது. பகிடி விடுவான், திட்டுவான், ஓட்டக் கற்றுக்கொடுப்பான். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஸ்ரீயை மேலே ஏற்றிவிட்டோம். கெல்லி இறங்கி வந்து சொன்னாள்: அம்மா, இனி இவர் போதும். இவர் சும்மா வாய் திறப்பதில்லை.”

நான் சிரிப்பதா, அழுவதா? இருபது வருடமாக எதைக் குறையென்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேனோ, அதைத் தகுதி என்று சொல்லி ஆள் எடுத்திருக்கிறார்கள்!

நடுவில் ஒரு தடவை ஹெட்போனில் “பொறு” என்று கேட்டது. நான் திடுக்கிட்டு டெபியைப் பார்த்தேன். தமிழா? ஒருநாள் அவசரத்தில் இவர் வாயில் அது தானாக வந்துவிட்டதாம். சொன்ன விதத்திலேயே கெல்லி விளங்கிக்கொண்டு நின்றுவிட்டாளாம். அதிலிருந்து நிற்கச் சொல்ல ‘பொறு’, வரச் சொல்ல ‘வா’. “எங்கள் வீட்டு நாய்க்கும் அதைத்தான் சொல்கிறோம்” என்றார் டெபி. “பொரூ என்றால் உட்கார்ந்துவிடும்.”

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பாதையில் தெளித்திருந்த தண்ணீர் காய்ந்து தூசி எழும்ப ஆரம்பித்தது. மூன்றாவது வளைவில் முன்னால் போன ஒரு கார் வழுக்கிச் சுற்றியது. அதில் இடித்துக் கெல்லியின் காரும் சுழன்றது. பாதைக்குக் குறுக்கே, எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்றுவிட்டது. ஒரே நொடியில் எல்லாவற்றையும் தூசி மூடிவிட்டது. மேட்டிலிருந்து எங்களுக்கு ஒரு பழுப்புச் சுவர்தான் தெரிந்தது. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக அந்தச் சுவருக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

டெபியின் கை என் கையைப் பிடித்தது. நல்ல பிடி. பிடித்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது.

“ஸ்ரீ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.” கெல்லியின் குரல். மூச்சு வாங்குவது கேட்டது. “இன்ஜின் ஓடுகிறது. உள்பக்கம் இறங்கிவிடுகிறேன். நான் நகர்கிறேன், ஸ்ரீ.”

“பொறு.”

“ஸ்ரீ, இங்கே நிற்க முடியாது!”

“பொறு.”

கத்தவில்லை. இன்னும் மெதுவாகச் சொன்னார். நடுப்பாதையில் நிற்கிறது ஒரு பிள்ளை, கார்கள் வந்துகொண்டிருக்கின்றன, இந்த மனிதர் பொறு என்கிறாரே! பக்கத்தில் பெற்ற தாய் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல் பிழையாகிப்போனால்... நாங்கள் எந்த முகத்தோடு டெபியைப் பார்ப்பது?

கெல்லி நின்றாள்.

அந்த நொடியில் தூசி சற்று விலகிய இடைவெளியில் ஒரு கறுப்புக் கார் வந்தது. கெல்லி எங்கே இறங்கப் பார்த்தாளோ, அதே உள்பக்கமாக. வேகம் குறைந்து, பின்பக்கம் இழுபட்டு, மஞ்சள் காரின் மூக்கை உரசுகிறதோ என்னும்படி கடந்துபோனது. அவள் நகர்ந்திருந்தால் அது நேராக அவள் கதவில்தான் ஏறியிருக்கும்.

“நல்லது, கெல்லி. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றார் இவர் ஆங்கிலத்தில். “இன்னும் ஒருவர் இருக்கிறார். வெளிப்பக்கத்தால் போகிறார். போய்விட்டார். எல்லோரும் வேகம் குறைத்துவிட்டார்கள். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பு. உன் அம்மா என் மனைவியோடு இருக்கிறா, பயமில்லை. இப்ப வா... வா... வா...”

லொறியை ரிவர்ஸ் எடுக்க நாங்கள் பின்னால் நின்று சொல்வோமே, அதே வா, வா. தூசிக்குள்ளிருந்து மஞ்சள் மூக்கு மெல்ல வெளியே வந்தது. டெபி கண்ணைத் திறந்தார். அந்த அம்மா அழுதார், நானும் அழுதேன். சொல்கிறேனே, எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழும்பி நின்று, அது என் மனுசன், அது என் மனுசன் என்று தமிழில் கத்தினேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். என்ன விளங்கியதோ!

யோசித்துப் பார்த்தேன். வீட்டில் இவர் “பொறும்” என்றால் நான் என்ன சொல்வேன்? “ஏன்?” என்பேன். “எதுக்குப் பொறுக்கோணும்? காரணத்தைச் சொல்லுங்கோ” என்பேன். இவர் காரணத்தைத் தேடி எடுப்பதற்குள் நான் போய்விட்டு வந்துவிடுவேன். கெல்லி ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் அளந்து பேசுகிறார் என்றால், அந்த அளவை நம்ப எதிரில் ஓர் ஆள் வேண்டும். நாங்கள் பேச்சில்லாத ஆளோடு வாழ்கிறோம் என்று புலம்புகிறோம்... கேட்கிற ஆளாக நாங்கள் இருந்தோமா?

கெல்லி பந்தயத்தை முடித்தாள். கடைசியிலிருந்து எண்ணினால் அவள் இடம் சீக்கிரம் வந்துவிடும். டெபியோ கோப்பை வாங்கியதுபோலத் துள்ளிக்கொண்டு என்னைக் கார் நிறுத்தும் கொட்டகைக்கு இழுத்துப் போனார். கெல்லி ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு இவரைக் கட்டிப்பிடித்தாள். இவர் அவள் முதுகில் தட்டி, “வெல் டன்” என்றார். புருவமெல்லாம் தூசி. என்னைக் கண்டதும்:

“தண்ணி இருக்கா?”

போத்தலைக் கொடுத்தேன். “உங்களை நினைக்க எனக்குச் சரியான பெருமையா இருக்கு” என்றேன், எல்லோர் முன்னாலும். இவர் தண்ணீரைக் குடித்து முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தார்.

“எனக்குக் கை நடுங்கினது” என்றார் பிறகு, மெதுவாக. “ரேடியோவில தெரிஞ்சதோ?”

“இல்லையப்பா. ஒண்டும் தெரியேல்ல.”

அப்போது கறுப்பு உடுப்பில் தாடிக்காரர் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். அந்தக் கறுப்புக் காரை ஓட்டியவர். நான் யாரென்று டெபி சொன்னதும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஸ்ரீயின் மிஸஸா? என் தம்பிதான் எனக்கு ஸ்பாட்டர், ரேஸ் முழுக்க உன் புருசன் சேனலைத்தான் ஸ்கேனரில் கேட்பான். இங்கே பாதி டீம்கள் அப்படித்தான். ஸ்ரீ வாய் திறந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இன்று பொரூ என்று கேட்டதும் தம்பி என் காதில் கத்தினான். பிரேக்கில் ஏறி நின்றேன். இல்லாவிட்டால்...” கெல்லியைத் திரும்பிப் பார்த்தார், வசனத்தை முடிக்கவில்லை.

நானும் வாரா வாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறேன். நீங்களும் அன்பாக வாசிக்கிறீர்கள். ஆனால் நான் எழுதிய இத்தனை சொல்லில் எதற்கும் இதுவரை ஒரு சைக்கிள்கூடப் பிரேக் பிடித்ததில்லை!