இரண்டு சாம்பல் நிறப் பொத்தான்கள்

ஒரு நல்ல பெண்மணியின் வேலையைப் பறித்தவன் நான்தான். ஒரே ஒரு பொய் சொன்னேன்... அதுவே போதுமானதாக இருந்தது.

இரும்புலியூரில் ஒரு கல்யாண மண்டபம். தேதி பதியும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் நான். எவரிடமும் படிக்காமல் தானே கற்றவன் என்ற கர்வம் அப்போது எனக்கு நிறைய! அந்த மென்பொருளில் நாள் முழுக்க வேலை பார்த்தவர் மண்டபத்து நூர்ஜஹான் அக்கா. 'சேவ்', 'டெலீட்' பொத்தான்கள் இரண்டையும் ஒட்டினாற்போல, ஒரே சாம்பல் நிறத்தில் வைத்திருந்தேன். அழிக்கும்போது 'நிச்சயமா?' என்றுகூட அது கேட்காது.

"ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரி கீது தம்பி. பெத்தவன் நீதான் அடையாளம் சொல்லணும்" என்பார் அக்கா. ரசித்துச் சிரித்தேன். மாற்றினேனா? இல்லை.

ஒரு முகூர்த்த நாளில் இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள்! முதல் பதிவு அழிந்துபோய், அதே தேதி இன்னொரு வீட்டுக்கும் போயிருந்தது. காரணம் என் பொத்தான்தான் என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். மண்டப முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்.

"சாஃப்ட்வேர்ல ஒண்ணும் தப்பில்ல சார். அக்காதான் கவனமில்லாம அழிச்சிருக்காங்க."

அக்கா என்னைத் திட்டவில்லை. "நான் சேவ்னு நெனச்சுத்தான் அமுக்குனேன். உனக்குத் தெரியும்ல தம்பி?" என்றார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அந்த நாற்காலியில் வேறொரு பெண். அக்காவை அக்கம்பக்கத்து மண்டபம் எதுவும் சேர்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு. மேற்குத் தாம்பரத்தில், மென்பொருள் எழுதுகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போனேன். அன்றைய பேச்சு, திரை வடிவமைப்பு பற்றி. பேச வந்த இளைஞர், "என் தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபம் புக் பண்ணப் போனேன். அங்க பாத்த கொடுமைய போன்ல புடிச்சேன்" என்று சுவரில் ஒரு படத்தைக் காட்டினார்.

என் திரை!

சுவர் முழுக்க, ஆளுயரத்துக்கு, என் இரண்டு பொத்தான்கள்... அறையே சிரித்தது. "எவன் மச்சான் இத செஞ்சது? கையில கெடைச்சான்னா..." என்று பின்வரிசையில் ஒரு குரல்.

"இதுல ஒருத்தங்க தெரியாம அழிச்சிட்டா, தப்பு யாரோடது?" என்றார் பேச்சாளர்.

"டிசைன் பண்ணவனோடது!" எல்லோரும் கத்தினார்கள். கூடவே நானும் கத்தினேன்! நம்புவீர்களா நீங்கள்? என் குரலை நானே கேட்டேன்.

மறுநாளே மண்டபத்துக்கு ஓடினேன். டெலீட்டைச் சிவப்பாக்கி மூலைக்குத் தள்ளினேன். அழிக்கும்முன் ஒருமுறை கேட்கும்படி செய்தேன். எதற்கு இதெல்லாம் என்றார் முதலாளி. உண்மையைச் சொல்லத்தானே போனேன்? தொண்டை வரைக்கும் வந்ததே...

"சும்மா, அழகுக்கு சார்."

சில மாதம் போனபின் அவரே என் தோளைத் தட்டினார். "இப்பல்லாம் ஒரு தப்பும் வர்றதில்லப்பா. அந்தம்மா போனதோட எல்லாம் சரியாயிடுச்சு, பாத்தியா!"

"ஆமா சார்" என்றேன்.